நாளும் கிழமையுமாக ஒரு குர்த்தி

என் கைப்பையில் எப்போதும் ஊக்கு இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அது எனக்காக வைத்திருந்ததில்லை, மாணவிகளுக்காக வைத்திருந்தது. நான் அப்போது பணியாற்றிய கல்லூரியில் ஒழுங்குக் குழு என்று ஒன்று உண்டு. அதில் நானும் இருந்தேன். காலையில் வாசலில் நின்று உள்ளே வரும் பெண்களைப் பார்ப்போம். குர்த்தி முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா, பக்கவாட்டுத் திறப்பு எதுவரை ஏறுகிறது, லெகின்ஸ் இறுக்கமா, ஷால் இருக்கிறதா, இருந்தால் இரண்டு தோளிலும் ஊக்குக் குத்தியிருக்கிறதா? குத்தாதவளுக்கு என் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். அன்பாகத்தான் கொடுப்பேன். அந்த அன்பை நினைத்தால்தான் இன்று கூசுகிறது.

ராசிபுரம் பக்கத்திலிருந்து வரும் முதுகலை மாணவி ஒருத்தி. ஒருநாள் மாலை தம்பியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனாள். ஷாலின் முனை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. ஊக்குக் குத்தியிருந்ததால் ஷால் தோளைவிட்டு நழுவிப் போகவில்லை. அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. உயிர் பிழைத்தாள், காறை எலும்பு முறிந்தது. பார்க்கப் போனபோது அவளுடைய அம்மா என்னிடமே கேட்டார்: "ஷாலு இல்லாம புள்ளய அனுப்ப முடியுங்களா மேடம்? நீங்களே சொல்லுங்க." அவள் படுக்கையிலிருந்தபடியே சிரித்தாள். "நீங்க குடுத்த ஊக்குதான் மேம்."

பைக்கின் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும்படி ஒரு தடுப்பு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. பின்னால் உட்காருபவரின் துணி சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த 123ஆம் விதி. நாம் அதைச் 'சேலை கார்டு' என்கிறோம். தம்பி அதைக் கழற்றிப் போட்டிருந்தான். வண்டியின் அழகு கெடுகிறதாம். வீட்டில் யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய அழகுக்காக இரும்பையே கழற்றலாம். அவளுடைய உயிருக்காக இரண்டரை மீட்டர் துணியைக் கழற்ற முடியாது.

ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குர்த்தியை எப்படி உடுத்துவது என்று அழகுக் குறிப்புகள் வருகின்றன. தினசரிக்குப் பருத்திக் குர்த்தியும் லெகின்ஸும் சின்னத் தோடும். பண்டிகைக்குப் பட்டுக் குர்த்தியும் பலாசோவும் ஜிமிக்கியும், ஒரு பக்கமாக விட்ட ஜரிகைத் துப்பட்டாவும். எனக்கு அலங்காரத்தின்மேல் பகை கிடையாது. கவிதை எழுதுகிறவளுக்கு நிறங்கள் பிடிக்காமல் போகுமா? ஆனால் சேலத்திலும் நாமக்கல்லிலும் குர்த்தி வாங்கும் ஒரு பெண் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி 'எனக்கு எது பொருந்தும்' என்பதில்லை. 'எதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்' என்பதுதான். அந்தக் கேள்விக்கு எந்த அழகுக் குறிப்பும் விடை சொல்வதில்லை.

விடை அரசாணையில் இருக்கிறது, தீர்ப்பில் இருக்கிறது. 2019இல் தமிழக அரசு தலைமைச் செயலகப் பணியாளர்களின் உடை குறித்து ஆணையிட்டது. பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், சுடிதார் எல்லாம் சரி என்றது. கூடவே துப்பட்டா வேண்டும் என்றும் எழுதியது. அதற்கு முன், 2015 நவம்பரில், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயிலுக்கு வருவோரின் உடையை வகுத்தது. பெண்களுக்குச் சேலை, பாவாடை தாவணி, அல்லது மேல்துணியோடு சுடிதார். 2016 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த அந்த உத்தரவை அதே மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு நிறுத்திவைத்தது. அதற்காகப் பெண்கள் ஷாலை இறக்கி வைத்துவிடவில்லை. அரசும் நீதிமன்றமும் சொல்வதற்கு வெகு முன்பே வீடு அதைச் சொல்லியாகிவிட்டது. பக்கத்து மாநிலமான கேரளம் 2021 நவம்பரில், ஆசிரியைகள் சேலைதான் கட்ட வேண்டும் என்று எந்த நிறுவனமும் வற்புறுத்தக் கூடாது, வசதியான உடையை உடுத்தலாம் என்று சுற்றறிக்கை விட்டது. அங்கே கல்வி ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

"நம்ம பண்பாடு" என்பார்கள். எந்தப் பண்பாடு? மல்லசமுத்திரம் பக்கம் கடலைக்காட்டில் களை வெட்டிய என் அம்மாயி கடைசிவரை ரவிக்கை போட்டதில்லை. பின்கொசுவம் வைத்த சேலை மட்டும்தான். அவரை யாரும் பண்பாடு கெட்டவர் என்று சொன்னதில்லை. ரவிக்கை போட்ட மருமகளைத்தான் அன்று 'பட்டணத்துக்காரி' என்று பழித்தார்கள். சங்கப் பாடல்களில் தலைவன் தலைவிக்குத் தருவது தழையாடை. தைத்த சட்டைக்கு முல்லைப்பாட்டு தரும் பெயர் மெய்ப்பை. அதை அணிந்து வருபவர்கள் பாசறையில் காவல் நிற்கும் யவனர்கள். தமிழ்ப் பெண்ணின் உடை ஈராயிரம் ஆண்டுகளாக மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கடைசியாக வந்த மாற்றத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, இதுதான் ஆதியிலிருந்து இருந்தது என்று சாதிக்கிறார்கள்.

தெற்கே திருவிதாங்கூரில் மேல்துணி போட்டதற்காகச் சாணார்ப் பெண்கள் அடிபட்டார்கள். தோள்சீலைக்கான அந்தப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீடித்து, 1859இல்தான் அரசு இறங்கிவந்தது. அன்று மேல்துணி போடாதே என்றார்கள், இன்று போடாமல் வராதே என்கிறார்கள். உத்தரவு போடும் கை மட்டும் மாறவில்லை.

தினசரி, பண்டிகை என்று நம் உடையை இரண்டாகப் பிரிக்கிறார்களே, அந்தப் பிரிவினையைக் கவனியுங்கள். வேலை நாளில் குர்த்திக்கு அனுமதி உண்டு. காலையில் மில் பஸ் ஏற வேண்டும். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறியோரம் நிற்க வேண்டும். கடையில், வங்கியில், பள்ளியில் நாளெல்லாம் ஓட வேண்டும். அவள் கொண்டுவரும் சம்பளம் வீட்டுக்கு வேண்டும். அதனால் குர்த்தியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். நோம்பி வந்துவிட்டால் அவளுடைய உடம்பு வீட்டின் சொத்தாகிவிடுகிறது. "நாளும் கெழமையுமா இதையா போட்டுக்கிட்டு வருவ?" என்று கேள்வி வருகிறது. பீரோவிலிருந்து பட்டு இறங்குகிறது. எத்தனை பவுன், எந்த வீட்டு மருமகள், என்ன சாதி, என்ன வசதி என்பதை ஊருக்கு விளம்பரம் செய்ய ஒரு பலகை வேண்டும். அந்தப் பலகை அவள்தான். ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூரில் காவிரியில் முங்கி எழும் ஆண் ஜீன்ஸில் வந்தானா வேட்டியில் வந்தானா என்று எந்தப் பெரியம்மாவும் பார்ப்பதில்லை.

திருச்செங்கோட்டு மலைமேல் அம்மையும் அப்பனும் ஒரே உடம்பில் நிற்கிறார்கள். ஒரு பாதிக்கு வேட்டி, மறுபாதிக்குச் சேலை. சாமிக்கு இப்படிப் பாதியும் பாதியுமாக உடுத்திக் கும்பிடும் ஊரில்தான், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை மூச்சிரைக்க ஏறிவரும் பெண்ணிடம் ஷால் எங்கே என்று கேட்கிறோம்.

ஷால் எனக்குப் பிடிக்கும் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் பிடிக்கும். சேலத்துச் சித்திரை வெயிலுக்குத் தலையில் சுற்றிக்கொள்ளவும் பஸ்ஸில் தூங்கும் குழந்தையைப் போர்த்தவும் அதைவிட நல்ல துணி கிடையாது. பிடித்தால் போடுங்கள். ஆனால் கழற்றி வைக்க முடியாத ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கு முன் ஒரு நாள் கழற்றி வைத்துப் பாருங்கள். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பால் வாங்க ஓடிவரும் நம் தெருப் பெண்களைக் கேளுங்கள். தலைமுதல் கால்வரை மூடிய உடைக்குமேல் எதற்கு அந்தத் துண்டு? அது துணியே இல்லை, அனுமதிச் சீட்டு.

ஆகவே நானும் அழகுக் குறிப்பு தருகிறேன். தினசரிக்கு: வேர்வையை உறிஞ்சும் பருத்தி, எட்டி நடக்க இடம் தரும் திறப்பு, கட்டாயம் ஒரு பாக்கெட். "டாப்புக்கு எதுக்குங்க பாக்கெட்டு? ஷேப்பு போயிருமுங்க" என்றார் என் தையல்காரர். எங்கள் தாத்தாக்கள் வேட்டிக்குள் போட்ட பட்டாபட்டி டவுசரில்கூடப் பை இருந்தது. பணம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதைத் தையல் அன்றே முடிவு செய்துவிட்டது. ஷேப் போனால் போகட்டும், வைத்துத் தையுங்கள் என்றேன். பண்டிகைக்கு: இளம்பிள்ளைச் சேலை ஒன்றை வெட்டித் தைத்த குர்த்தி, பிடித்தால் ஜிமிக்கி, அதிலும் ஒரு பாக்கெட். சேலைதான் கட்ட ஆசை என்றால் சேலை. இரண்டு நாளுக்கும் பொதுவான விதி ஒன்றுதான்: கண்ணாடி முன் நிற்பவளே முடிவு செய்ய வேண்டும்.

ஒழுங்குக் குழுவிலிருந்து விலகினேன். காரணத்தை எழுதியே கொடுத்தேன். போன ஆடி நோம்பிக்கு அந்தக் குர்த்தியில்தான் ஊருக்குப் போனேன், ஷால் இல்லாமல். பெரியம்மா ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தேங்காய் உடைக்கக் கூப்பிட்டார். ஊக்கு இன்னும் என் பையில் இருக்கிறது. மாணவிகள் யாருக்காவது செருப்பு வார் அறுந்தால் எடுத்துக் கொடுக்கிறேன்.