மூன்று நாள் விடுப்பும் மூன்றாண்டு ஊமை ஊராட்சிகளும்

ஆசிரியர் கழகம் ஒன்று தன் உறுப்பினர்க்கு விடுத்த சுற்றறிக்கை எம் கைக்கு வந்தது. அதில் இரண்டே செய்திகள். சமயச் சார்பு விடுப்பு ஆண்டுக்கு மூன்று நாள், அரசு வெளியிட்ட பட்டியலைப் பார்த்து முன்னரே எழுதிக் கொடுத்து இசைவு பெறுக என்பது ஒன்று. உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கப்பெற்றால் பயிற்சி வகுப்புக்குத் தவறாது செல்க, மதிப்பூதியம் உண்டு என்பது மற்றொன்று. முதற் செய்திக்கு ஒன்றரைப் பக்கம். அடுத்ததற்கு நான்கு வரி. இந்த அளவுக்கோல்தான் எம்மை எழுதத் தூண்டிற்று.

விடுப்பை யாம் இழித்துரைக்கவில்லை. எச் சமயத்தாரும் பட்டியலில் உள்ள எந்த நாளையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் நல்ல கூறு. (ஆருத்திரா தரிசனம், வைகுண்ட ஏகாதசி என்று அப் பட்டியலில் அடுக்கப்பெற்ற பெயர்களில் பலவற்றிற்குத் தமிழாசிரியரே பிறரிடம் பொருள் கேட்க வேண்டியுள்ளது. அதனைப் பிறிதொரு திங்களில் கவனிப்போம்.) ஆனால், தேர்தல் வருகின்ற வேளையில் அவ் விடுப்பு என்ன ஆகின்றது?

2019-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் திசம்பர் 27, 30 ஆகிய இரு நாள்களில் நடந்தது. திசம்பர் 25 கிறித்து பிறப்பு விழா. மறுநாள் காலையே முதற்கட்டப் பணிக்குரியோர் பெட்டியும் தாளும் பெற்று முன்பின் அறியாத சிற்றூருக்குப் புறப்பட்டாக வேண்டும். வாக்குப் பதிவு நாளோ வெள்ளி. இசுலாமிய ஆசிரியரின் நண்பகல் கூட்டுத் தொழுகை போயிற்று. இரண்டாங் கட்டத்திற்குப் புறப்பட்ட நாள் ஞாயிறு; கிறித்துவ ஆசிரியரின் வழிபாடு போயிற்று. சனவரி 2-இல் தொடங்கிய வாக்கெண்ணிக்கை பல இடங்களில் இரவு கடந்தும் நீண்டது. அத்தனையும் அரையாண்டு விடுமுறைக்குள்! தாளில் உள்ள மூன்று நாள் விடுப்பு அந் நாள்களில் எவர்க்கு உதவிற்று?

இதற்கொரு சட்டப் பின்னணி உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, கல்வியல்லாத பணிகளுக்கு ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்று சொல்லிவிட்டு, மக்கள் கணக்கெடுப்பு, இடர்த் துயர்துடைப்பு, தேர்தல் ஆகிய மூன்றையும் விலக்காக வைத்தது. உள்ளாட்சித் தேர்தலும் அவ் விலக்கிற்குள் பெயர் சொல்லியே சேர்க்கப்பெற்றுள்ளது. அதற்கு முன்பே, 2007-இல், தில்லிப் பள்ளிகள் தொடர்பான வழக்கில், ஆசிரியர்க்குரிய தேர்தற் பணியை விடுமுறை நாள்களிலும் வகுப்பு நடவாத நாள்களிலும் கொடுக்குமாறு உச்ச நயன்மன்று கூறிற்று. மாணவர்க்கு அது நன்மையே. அதனை யாம் குறை கூறோம். ஆயினும், அந் நன்மைக்கு விலை கொடுத்தவர் யார்? தம் ஓய்வையும் விழாவையும் இழந்த ஆசிரியர் அல்லரோ? இழந்த நாளுக்கு ஈடுசெய் விடுப்பை ஒவ்வோர் அலுவலரிடமும் கெஞ்சிப் பெறாமல் உரிமையாகப் பெறுவதற்கு வழி சொல்லும் ஒரு வரியைச் சுற்றறிக்கையில் தேடித் தேடிப் பார்த்தோம், இல்லை.

இனி, வாக்குரிமைக்கு வருவோம். 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி ஆசிரியர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்றல் ஆகாது. எவர்க்காகவும் பரப்புரை செய்தலும் ஆகாது. எஞ்சியிருப்பது ஒரே ஒரு வாக்கு. தேர்தற் பணிக்குச் சென்றாலோ அதுவும் அஞ்சல் உறைக்குள் அடைபட்டுவிடும். அவ்வுறைக்கு என்ன நேரும் என்பதற்கு இராதாபுரம் சான்று. 2016 சட்டமன்றத் தேர்தலில் அத் தொகுதியின் வெற்றி வேறுபாடு 49 வாக்குகள். தள்ளப்பெற்ற அஞ்சல் வாக்குகளோ 203! உறுதிமொழித் தாளில் சான்றொப்பம் இட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். அவர்க்கு அத் தகுதி இல்லை என்று கூறித் தள்ளினர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழில் செல்லுகின்ற தலைமையாசிரியரின் கையெழுத்து, வாக்குத் தாளுக்குப் பின்னே செல்லாக் கையெழுத்தாயிற்று. அவ் வாக்குகளை எண்ணுக என்று சென்னை உயர் நயன்மன்று ஆணையிட்டது 2019 அக்தோபரில். எண்ணினர், ஆனால், முடிவை வெளியிடாமல் நிறுத்தி வைத்தது உச்ச நயன்மன்று. 2021-இல் அடுத்த தேர்தலே வந்துவிட்டது.

49 வாக்கில் ஒரு சட்டமன்றத் தொகுதி முடிவாகிறதென்றால், ஐந்து வாக்கிலும் பத்து வாக்கிலும் முடிவாகின்ற ஊராட்சி உறுப்பினர் தேர்தலில் ஆசிரியரின் அஞ்சல் வாக்கிற்கு எத்துணை எடை! எந்த அலுவலரிடம் சான்றொப்பம் பெறுவது, எந்த உறையை எதற்குள் இடுவது, எந்த நாளுக்குள் சேர்ப்பது என்று எழுதியிருந்தால் அன்றோ அது கழகச் சுற்றறிக்கை? 'பயிற்சிக்குச் செல்க' என்று சொல்லக் கல்வித்துறை அலுவலகமே போதுமே!

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 243-உ பிரிவு, ஐந்தாண்டு முடியுமுன்னரே அடுத்த ஊராட்சித் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் நடந்ததென்ன? 2016 அக்தோபரில் நடக்கவிருந்த தேர்தல் உயர் நயன்மன்றால் நீக்கப்பெற்றது. அதன்பின் மூன்றாண்டுக்கு மேல் சிற்றூர்களைத் தனி அலுவலர்களே ஆண்டனர். காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம், நெல்லை முதலாகப் பிரிக்கப்பெற்ற ஒன்பது மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் வர 2021 அக்தோபர் ஆயிற்று. நகரங்களிலோ 2022 பிப்பிரவரி. 2019-இல் 27 மாவட்டங்களில் தேர்தலுக்குரியவை 91,975 இடங்கள். அவற்றின் காலம் 2025 சனவரி 5-இல் முடிந்தது. மீண்டும் தனி அலுவலர்!

இதில் ஆசிரியர்க்கு என்ன என்று கேட்போர், தம் பள்ளியின் பெயர்ப்பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கட்டும். 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்றன்றோ எழுதியிருக்கிறது? ஊதியம் 1981 சூன் முதல் அரசூழியர் ஊதியமாயிற்று. அதற்காகப் போராடியோரை மறவோம். ஆனால், ஒழுகுகின்ற கூரைக்கும் சாய்ந்த சுற்றுச்சுவர்க்கும் இன்றும் ஒன்றியத்தைத்தான் நாட வேண்டும். கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாத ஒன்றியத்தில் யாரை நாடுவது?

மேலவளவில் 1996-இல் ஊராட்சித் தலைவர் பொறுப்பு ஒடுக்கப்பட்டோர்க்கென ஒதுக்கப்பெற்றபோது வாக்குப் பெட்டிகள் பறிக்கப்பெற்றன; மறுபடியும் தேர்தல் நடந்து வென்ற முருகேசனும் உடனிருந்த சிலரும் 1997 சூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில் 2006 வரை பத்தாண்டுக் காலம் முறையான தலைவர் அமையவிடாமல் சாதி வெறியர் தடுத்தனர். அத்தகைய ஊர்களிலும் வாக்குச்சாவடி மேசையின் பின்னே அஞ்சாது அமர்வோர் நம் ஆசிரியரே. குருதி சிந்திக் காத்த தேர்தல் ஓர் அரசாணையால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போகும்போது அதனை நடத்துகின்றவர் வாய் மூடியிருப்பதா?

அக் கழகத்தார்க்கு யாம் வேண்டுவது இது: அடுத்த சுற்றறிக்கையில் விடுப்புப் பட்டியலை அரைப் பக்கத்தில் முடியுங்கள். எஞ்சிய ஒரு பக்கத்தில் தேர்தல் எப்போது என்று அரசைக் கேளுங்கள்; ஈடுசெய் விடுப்பைக் கேளுங்கள்; அஞ்சல் வாக்கிற்குத் தலைமையாசிரியர் கையெழுத்துச் செல்லும் என்று எழுத்தில் ஆணை கேளுங்கள். கேட்டதன் படியொன்றை எமக்கும் விடுத்தால் இவ்விதழில் முதற்பக்கத்தில் வெளியிடுவோம்.