‘எனக்கு எதுக்கு கண்ணு இதெல்லாம்?’ என்பவருக்கு என்ன வாங்குவது?

அரையாண்டு விடுமுறையில் ஏற்காடு போய் வந்தவர்களுக்கு ஒண்டிக்கடை ரவுண்டானாவைத் தெரிந்திருக்கும். ஏரியில் படகில் போயாச்சு, அண்ணா பூங்காவில் போட்டோ எடுத்தாச்சு, சுட்ட சோளம் சாப்பிட்டாச்சு. மலையிறங்க இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. அப்போதுதான் வண்டிக்குள் அந்தக் கேள்வி எழும்: “ஊருக்கு என்ன வாங்கிக்கிட்டுப் போறது?”

பிள்ளைகளுக்கு வாங்குவது சுலபம். பக்கத்து வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஒரு சாக்லேட் டப்பா போதும். ஆனால் ஒவ்வொரு குடும்பத்திலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். எதை நீட்டினாலும் “எனக்கு எதுக்கு கண்ணு இதெல்லாம்? காசைக் கரியாக்காதே” என்பார்கள். எண்பதைத் தொடும் அப்பா, எல்லாம் வைத்திருக்கும் பெரியம்மா, சர்க்கரை நோயோடு இருக்கும் சித்தப்பா, கணக்குப் பார்க்கும் சம்பந்தி வீடு, எதுவும் பிடிக்காத காலேஜ் பையன். அவர்களை நினைத்துத்தான் இந்த வாரம்.

‘வேண்டாம்’ என்றால் என்ன அர்த்தம்?

பெரியவர்கள் சொல்லும் ‘வேண்டாம்’ எப்போதும் ஒரே ‘வேண்டாம்’ கிடையாது. சிலருக்கு, உங்கள் கையிருப்பு கரைவதில் உண்மையான கவலை. சிலருக்கு, வீட்டில் வைக்க இடமில்லை. பரணும் பீரோவும் நிரம்பிக் கிடக்கின்றன. இன்னும் சிலருக்கு அதற்குள் ஒரு சின்ன வருத்தம் இருக்கும். ‘நான் என்ன சாப்பிடுகிறேன், எதைக் கட்டுகிறேன் என்பதே இவர்களுக்குத் தெரியவில்லையே’ என்று மனதுக்குள் நினைப்பார்கள், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் பெரியவர் ஒருவர் காலமான பிறகு அவருடைய பீரோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். தீபாவளிக்கு வந்தது, அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தது, பேரன் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்தது என்று பிரிக்காத கவரோடு புடவைகள் அடுக்கியிருக்கும். கொடுத்தவர்கள் எல்லாரும் பாசத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் கடைசி வரை அவர் கட்டியது பழகிய நாலு பருத்திப் புடவைகளை மட்டும்தான்.

அதனால் விடுமுறைக்குக் கிளம்பும் முன்பு ஒரு போன் போடுங்கள். “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்காதீர்கள். “ஒண்ணும் வேணாம் சாமி, நீங்க பத்திரமா வந்தா போதும்” என்ற பதில்தான் வரும். “வீட்டுல எது தீர்ந்திருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். “காபித்தூள் இன்னும் நாலு நாளைக்கு வரும்”, “மிளகு கொஞ்சம்தான் இருக்கு” என்று பதில் தானாக வரும். தினமும் கைபட்டு, ஒரு மாதத்தில் தீர்ந்துபோகிற பொருள் யாருக்கும் பாரமாகாது.

அப்பாவுக்குக் காபி

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்து நட்டார். அன்றிலிருந்து இன்று வரை ஏற்காட்டின் முதல் விளைச்சல் காபிதான். காபி குடிக்கும் அப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் அந்த மலையில் இல்லை. ஆனால் கடைக்குப் போகும் முன் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவர் சிக்கரி கலந்ததைக் குடிப்பவரா? ஃபில்டரில் போடுபவரா?

காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கவும் வேண்டும். ஒரு பாக்கெட்டில் 80-20 இருக்கும், இன்னொன்றில் 60-40 இருக்கும். அப்பா நாற்பது வருஷமாகச் சிக்கரி கலந்த காபியைத்தான் ரசித்துக் குடிக்கிறார் என்றால் அதையே வாங்குங்கள். “சுத்தக் காபிதான் நல்லதுப்பா” என்று பாடம் எடுக்க அது நேரமில்லை.

கடையில் ‘பீபெரி’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பொதுவாக ஒரு காபிப் பழத்துக்குள் இரண்டு கொட்டைகள் இருக்கும். அவை ஒட்டியிருக்கும் பக்கம் தட்டையாக இருக்கும். சில பழங்களில் மட்டும் ஒரே கொட்டை உருண்டையாக விளையும். அதைத் தனியாகப் பிரித்து விற்பதுதான் பீபெரி.

கால் கிலோ போதும். அரைத்த தூளின் மணம் சீக்கிரமே குறையத் தொடங்கிவிடும். ஒரு கிலோ வாங்கிக் கொடுத்தால் முதல் வாரம் மட்டும்தான் அது ஏற்காடு காபி. என்று வறுத்தது என்று கேட்டு, ஃபில்டருக்கு என்று சொல்லி, கண்ணெதிரே அரைத்து வாங்குங்கள்.

கொடுக்கும்போது ஒரு செய்தியும் சேர்த்துக் கொடுக்கலாம். நவம்பரிலிருந்து ஜனவரி வாக்கில் மலையில் பழம் பறிக்கும் காலம். சாலையோரத் தோட்டங்களில் நீங்கள் பார்த்த சிவப்புப் பழத்தின் தோலை நீக்கி, ஊறவைத்துக் கழுவி, காயவைத்து, மேலோட்டை எடுத்து, வறுத்து அரைத்தால்தான் தூள். ஆகவே டிசம்பரில் நீங்கள் வாங்கி வந்தது பெரும்பாலும் போன பருவத்துக் கொட்டையாக இருக்கும். காபிப் பிரியரான அப்பா இதை நாலு பேரிடம் சொல்லிக் காட்டுவார். அந்தச் சந்தோஷத்துக்குத் தனியாகக் காசு கிடையாது.

பெரியம்மாவுக்கு மிளகு

காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி ஏறியிருப்பது மிளகுக் கொடி. சமையலறையைத் தன் ராஜ்ஜியமாக வைத்திருக்கும் பெரியம்மாவுக்குப் புதுக் குக்கரோ மிக்ஸியோ கொடுத்தால் அது பரணுக்குத்தான் போகும். நூறு கிராம் நல்ல மிளகு கொடுத்துப் பாருங்கள். மார்கழிக் குளிருக்கு ரசம், தை பிறந்தால் வெண்பொங்கல் என்று அடுப்படியில் அது தினமும் பேசப்படும்.

முழு மிளகாக வாங்குங்கள். பொடித்தால் மணம் சீக்கிரம் போய்விடும். கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். நல்ல மிளகு அடியில் தங்கும். கலப்படமாகச் சேர்க்கும் பப்பாளி விதை மேலே மிதக்கும்.

சித்தப்பாவுக்குத் தேன் வேண்டாம்

மலைக்குப் போனாலே தேன் பாட்டில் வாங்கும் பழக்கம் நமக்கு உண்டு. ‘தேன் இயற்கைதானே, சுகருக்கு ஒன்றும் செய்யாது’ என்று நினைத்துச் சித்தப்பாவிடம் கொடுத்துவிடாதீர்கள். தேனும் வெல்லமும் கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். அவருக்கும் மிளகோ காபியோ கொடுங்கள். எல்லாரும் இனிப்பு வாங்கும் நாளில் தனக்கென்று யோசித்து வேறொன்று வாங்கியிருக்கிறார்கள் என்பது அவருக்குப் புரியும்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தொட்டு நாக்கில் வைக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அந்த வயதில் ஆபத்தை உண்டாக்கும். யூகலிப்டஸ் தைலம் வாங்கினால், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லிக் கொடுங்கள். அது வாய்க்குள் போகக் கூடாத பொருள். எந்தப் பாக்கெட்டானாலும் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. சர்க்கரை அளக்கும் கருவி, பி.பி. மெஷின், எடை பார்க்கும் மெஷின் எல்லாம் வீட்டுக்குத் தேவையானவைதான். அவற்றை வேறொரு நாளில் வாங்கிக் கொடுங்கள். விசேஷ நாளில், பத்துப் பேர் முன்னால் அதைப் பிரித்துப் பார்ப்பவருக்கு ‘உனக்கு வயசாயிடுச்சு’ என்று சொன்னதுபோல் இருக்கும்.

சம்பந்தி வீட்டுக்கு அளவாக

இங்கே சிக்கல் பொருளில் இல்லை, திருப்பிச் செய்வதில் இருக்கிறது. நாம் ஐயாயிரத்துக்கு ஒன்று கொண்டுபோனால், அடுத்த விசேஷத்தில் அவர்கள் ஆறாயிரத்துக்குத் தேட வேண்டும். மொய் நோட்டு எழுதிப் பழகிய ஊர் நம்முடையது. வாங்குகிறவர் மனதில் கணக்கு ஓடாமல் இருக்காது. காபியும் மிளகும் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. ‘ஊருக்குப் போனோம், உங்க ஞாபகம் வந்துச்சு’ என்பதோடு முடிந்துவிடும்.

அம்மா வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் ஒரே பாக்கெட், ஒரே எடை என்று வாங்குவது நல்லது. அட்டைப் பெட்டி, ஜிகினா காகிதம் எல்லாம் வேண்டாம். ஒரு மஞ்சப்பை போதும். அது அடுத்த நாளே காய்கறி வாங்கப் பயன்படும்.

காலேஜ் பையனுக்கு? அவனிடமே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரு கவரில் 501 ரூபாய் வைத்துக் கொடுங்கள். பணம் கொடுப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அவன் வயதில் தன் இஷ்டப்படி செலவு செய்யும் சுதந்திரம்தான் பெரிய விஷயம்.

தனியாக இருப்பவருக்கு

கடைசியாக, துணையை இழந்து தனி வீட்டில் இருக்கும் பெரியவர். பிள்ளைகள் வெளியூரில் இருப்பார்கள். இவர் ‘வேண்டாம்’ என்று சொல்லும்போது அது அநேகமாக உண்மைதான். அவருக்குப் பொருள் எதுவும் தேவைப்படாது, ஆள்தான் தேவை.

ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, நேராகப் பைபாஸைப் பிடிக்காமல், வழியில் இருக்கும் அந்த அத்தை வீட்டுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள். அந்த எதிர்பார்ப்பே அவருக்குப் பாதி சந்தோஷம். அதற்காகச் சமைத்து வைக்கிறேன் என்று சிரமப்படாமல் இருக்க, சாப்பாட்டை நீங்களே வாங்கிப் போங்கள்.

போன இடத்தில் போனை நோண்டாமல், அவர் தள்ளிப்போட்டு வைத்திருக்கும் வேலைகளைக் கேளுங்கள். எட்டாத உயரத்தில் எரியாமல் இருக்கும் பல்பு, சொட்டுகிற குழாய், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக இருக்கும் போன் எழுத்து. எல்லாம் பத்து நிமிஷ வேலைகள். ஆள் இல்லாததால் ஆறு மாதமாகக் கிடப்பவை. உங்கள் போனில் கிடக்கும் குடும்பப் படங்களில் பத்தைப் பிரின்ட் போட்டு எடுத்துப் போனால், நீங்கள் கிளம்பிய பிறகும் அவர் கையில் ஏதோ ஒன்று இருக்கும்.

எதைக் கொடுத்தாலும், கொடுத்த பிறகு விசாரிக்காதீர்கள். “நான் வாங்கித் தந்ததை ஏன் தொடவே இல்லை?” என்ற கேள்வி பரிசைக் கடனாக்கிவிடும். கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: “உங்களுக்குப் பிடிச்சா வச்சுக்கங்க, இல்லைன்னா யாருக்காவது குடுத்துருங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.” இப்படிச் சொல்லிக் கொடுத்தால், ‘எனக்கு எதுக்கு கண்ணு’ என்று எப்போதும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்பவரும் தயங்காமல் வாங்கிக்கொள்வார்.