கதவு திறவாவிடின் களஞ்சியம் அழிந்ததாகுமோ?

முன்னாளில் நம் இல்லங்களில் காணி உறுதியும் சாதக ஓலையும் கலியாணப் படங்களும் பெட்டகத்தில் இருந்தன. அதன் திறப்பு வீட்டுத் தலைவியின் இடுப்பில் இருந்தது. இந்நாளிலோ அவற்றின் பிரதிகள் பல வீடுகளில் றூட்டருக்கு அருகே இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பெட்டியில் இருக்கின்றன. இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகளைத் தாங்கிய அப்பெட்டியிடமிருந்து தந்தையின் கணினியும் மகளின் கைப்பேசியும் கூடத்துத் தொலைக்காட்சியும் வீட்டு வலையமைப்பின் வழியாக வேண்டியதைக் கேட்டுப் பெறுகின்றன. இளைஞர் 'நாஸ்' என்று அழைக்கும் இதனை நாம் வீட்டுக் களஞ்சியம் என்போம்.

இக்களஞ்சியத்துக்கும் மென்பொருள் உண்டு. அதனைக் காலத்துக்குக் காலம் புதுப்பித்தல் வேண்டும். புதுப்பித்த மறுநாளே சில வீடுகளில் கலவரம் எழுகின்றது. தொலைக்காட்சியிற் படங்கள் தோன்றுவதில்லை. ஸ்கானர் அனுப்பும் பத்திரம் போய்ச் சேர்வதில்லை. கணினி 'அனுமதியில்லை' என்கின்றது. "எல்லாம் அழிந்துவிட்டது" என்று ஒருவர் அழ, "துடைத்துவிட்டுப் புதிதாய்த் தொடங்குவோம்" என்று இன்னொருவர் எழுகின்றார். இந்த இரண்டாமவரிடந்தான் நாம் அஞ்சுதல் வேண்டும். கதவு திறவாத காரணத்தால் வீட்டை இடிப்பாருளரோ?

வைத்தியர் முதலில் நாடியைப் பார்ப்பதுபோல, இங்கும் மூன்று வினாக்களை வரிசை தவறாது கேட்டல் நன்று.

முதலாவது, பெட்டி உயிரோடிருக்கின்றதா? மீண்டும் இயங்கத் தொடங்கியபோது றூட்டர் அதற்குப் புதிய முகவரி இலக்கத்தை வழங்கியிருக்கலாம். பழைய இலக்கத்திற் சென்று தட்டினால் எவர் பதில் சொல்வார்? றூட்டரின் பட்டியலிற் புதிய இலக்கத்தைக் கண்டறிந்து கணினியின் உலாவியில் இட்டால், களஞ்சியத்தின் நிர்வாகப் பக்கம் திறக்கும். திறந்தால் பெட்டி வாழ்கின்றது.

இரண்டாவது, தட்டுகள் நலமா? அந்நிர்வாகப் பக்கத்திலேயே தட்டுகளின் நிலை காட்டப்படும். நலமென்று காட்டினால் பாதி அச்சம் நீங்கிற்று. மாறாக, தட்டை 'ஆயத்தஞ் செய்யவா' என்றோ 'புதிதாய் அமைக்கவா' என்றோ அது வினவினால், 'ஆம்' என்ற பொத்தானை எவரும் தொடலாகாது. உள்ளிருப்பவற்றை இழக்கச் செய்வது பெரும்பாலும் அந்த ஒற்றைச் சொல்லே.

மூன்றாவது, எல்லாக் கருவிகளும் தடுக்கப்படுகின்றனவா, ஒன்றிரண்டு மட்டுமா? எல்லாம் தடுக்கப்பட்டால் கோப்புறைகளைப் பகிரும் சேவை நின்றிருக்கலாம். அல்லது கணினிகள் நினைவில் வைத்த கடவுச்சொல் இப்போது பொருந்தாதிருக்கலாம். பழைய ஸ்கானரும் பழைய தொலைக்காட்சியும் மட்டும் தடுக்கப்பட்டால், பழுது வேறிடத்தில் உள்ளது. அதனை விளங்கிக்கொள்ளச் சிறிது சரித்திரம் வேண்டும்.

கணினிகள் ஒன்றன் கோப்பை மற்றொன்று கேட்டுப் பெறுவதற்கு எஸ்.எம்.பி. என்னும் ஒரு பேச்சு முறை உண்டு. 1980களின் முற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பரி பைகன்பாம் என்பவர் அதனை உருவாக்கினார். பின்னர் அவுஸ்திரேலியாவின் கன்பராவிற் பயின்ற அன்ட்ரூ டிரிட்ஜெல், 1992ஆம் ஆண்டளவில், பிறவகைக் கணினிகளும் அப்பேச்சைப் பேசுதற்கு ஒரு மென்பொருளை எழுதினார். அம்மூன்று எழுத்துக்களையும் கொண்ட சொல்லை அகராதியிற் தேடி, அதற்குச் சாம்பா என்று பெயரிட்டனர். வீட்டுக் களஞ்சியங்கள் பலவற்றுள் இன்று இயங்குவது அதுவே.

அப்பேச்சின் முதற் பதிப்பைப் பயன்படுத்துவதில் இருந்த ஒரு துவாரத்துக்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் 2017 மார்ச்சில் மருந்து வெளியிட்டது. அதனை இடாத கணினிகளுள் அவ்வாண்டு மே 12ஆந் திகதி 'வன்னாகிறை' என்னும் தீநிரல் புகுந்தது. பிரித்தானிய அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் அன்று பணிகள் குழம்பின. 2019 செப்டெம்பரில் வெளியான சாம்பா 4.11, முதற் பதிப்பை வழமையில் அடைத்தே வைத்தது. ஆகவே புதுப்பித்த களஞ்சியம் பழைய பேச்சுக்குச் செவி சாய்ப்பதில்லை. பழைய கருவிக்கோ வேறு பேச்சுத் தெரியாது. இங்கே எதுவும் பழுதாகவில்லை. காவலாளி தன் கடமையைச் செய்கின்றான்.

பரிகாரம் யாது? பழைய கருவிக்குப் புதிய மென்பொருள் உண்டாயின் அதனை இடுக. இல்லையெனில் ஸ்கானரை மின்னஞ்சல் வழியாக அனுப்பச் செய்யலாம். அடைத்த வாசலை மீண்டுந் திறக்கும் பொத்தான் சில பெட்டிகளில் உண்டு. ஆயினும் ஒரு ஸ்கானரின் சௌகரியத்துக்காக வீடு முழுவதையும் திறந்து வைத்தல் அறிவுடைமையாகாது.

இனி, வருமுன் காத்தல். புதுப்பிக்குமுன் வெளியீட்டுக் குறிப்பை வாசித்தல், அமைப்புக் கோப்பைச் சேமித்தல், முக்கியமானவற்றை வேறொரு தட்டிற் பிரதி எடுத்து வேறிடத்தில் வைத்தல் ஆகிய மூன்றும் இன்றியமையாதன. ஒரே பெட்டியில் இரு தட்டுகள் ஒன்றையே எழுதுவதாற் பிரதி உண்டென்று எண்ணற்க. ஒன்றில் அழித்தது அக்கணமே மற்றதிலும் அழியும். 2020ஆம் ஆண்டுவரை பிரீநாஸ் என வழங்கிய துரூநாஸ் போன்றவற்றில், தட்டுத் தொகுதியையும் தரமுயர்த்தலாம் என்று பெட்டி சொல்லும். அதற்கு அவசரமில்லை. தரமுயர்த்தியபின் பழைய மென்பொருள் அத்தொகுதியைத் திறக்க மாட்டாது போகலாம். திரும்பும் பாதை அடைபடும்.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையிலும் நம் குடும்பங்கள் பல, பாட்டனார் முகம் பதிந்த ஒரே படத்தையும் இழந்தன. கடல் கடந்த உறவினரிடமிருந்து தேடிப் பெற்ற பிரதிகளே இன்று அவர்கள் களஞ்சியங்களில் உள்ளன. அவற்றை மறுமுறையும் இழப்பதற்குப் போரோ கடலோ வேண்டியதில்லை. பொறுமையற்ற ஒரு விரல் போதும்.

ஆகவே மாணவச் செல்வங்களே, வீட்டுக் களஞ்சியத்துக்கு ஓர் அப்பியாசக் கொப்பி வையுங்கள். திகதி, செய்த மாற்றம், கண்ட விளைவு ஆகியவற்றை அதிற் குறியுங்கள். ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்யுங்கள். பெரியோரே, பெட்டி பேச மறுக்கும் நாளில் இரவோடிரவாகத் தீர்த்துவிட முனையாது விடியும்வரை பொறுங்கள். உள்ளிருக்கும் செல்வம் ஓர் இரவு காத்திருக்கும்.