காதலுக்கு மீட்டர் போட்டால்...

டேட்டிங் தளம் என்று பேச்செடுத்தாலே "கலாச்சாரம் கெட்டுப் போச்சு" என்று ஆரம்பித்து விடுவார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. பி.காம். படிக்கிற எனக்கு முதலில் கண்ணில் படுவது பில்தான்!

அமெரிக்க ஆண்களுக்கு உக்ரைன், ரஷ்யா, பிலிப்பைன்ஸ் பெண்களை அறிமுகம் செய்து வைக்கும் தளங்கள் பல உண்டு. அவற்றில் சிலவற்றில் ஆணுக்கு மட்டும்தான் கட்டணம். அதுவும் சந்தா இல்லை. கடிதம் ஒன்றுக்கு இவ்வளவு, சாட்டில் நிமிடத்துக்கு இவ்வளவு. மீட்டர் போட்ட ஆட்டோ மாதிரி. சுற்றிச் சுற்றிப் போனால்தானே டிரைவருக்கு லாபம்? இருவரும் சீக்கிரம் கல்யாணம் செய்துகொண்டால் கம்பெனிக்கு ஒரு வாடிக்கையாளர் போச்சு. சேர்த்து வைப்பதாகச் சொல்லும் கம்பெனிக்கு, சேராமல் இருப்பதில்தான் வருமானம்!

ஆணுக்குப் போவது பெரும்பாலும் பணம். பெண்ணுக்கு? கிர்கிஸ்தானிலிருந்து இப்படித் திருமணமாகி அமெரிக்கா போன அனஸ்தாசியா கிங், 2000ல் வாஷிங்டன் மாநிலத்தில் கணவனால் கொல்லப்பட்டார். வயது 20. அந்த ஆளின் முந்தைய மனைவியும் வெளிநாட்டுப் பெண்தான். அவர் ஏற்கெனவே கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருந்தார். அனஸ்தாசியாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

ஒரு பக்கத்துக்கு எல்லாம் தெரியும், மறுபக்கத்துக்கு ஒன்றும் தெரியாது என்றால் சந்தை எப்படிக் கெடும் என்று பழைய கார்களை வைத்து 1970லேயே எழுதினார் பொருளாதார மேதை அகெர்லாஃப். பழைய காரையாவது திருப்பி விற்று விடலாம்.

அப்படியானால் தடை செய்து விடலாமா? பிலிப்பைன்ஸ் 1990லேயே இந்தத் தரகுத் தொழிலைத் தடை செய்தது. இன்டர்நெட் வந்த பிறகு, 2016ல் புதிதாக இன்னொரு சட்டம் போட வேண்டியதாயிற்று. உள்ளூர் ஆபீசைப் பூட்டலாம், வேறு நாட்டு சர்வரை எப்படிப் பூட்டுவது?

அமெரிக்கா 2005ல் நிறைவேற்றிய சட்டம் (2006ல் அமலுக்கு வந்தது) எனக்குப் பிடித்திருக்கிறது. ஆணின் குற்றப் பின்னணி, முந்தைய திருமணங்கள் எல்லாவற்றையும் பெண்ணுக்கு அவள் மொழியிலேயே கொடுத்து, கையெழுத்துடன் சம்மதம் வாங்கிய பிறகுதான் அவள் முகவரியைத் தரகர் தர வேண்டும். காதலைத் தடுக்கவில்லை, கண்ணைத் திறந்து வைக்கிறது.

ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது. வெளிநாட்டு ஜோடி சேர்ப்பதே முக்கியத் தொழிலாக இல்லாமல், எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே கட்டணம் வாங்கும் தளங்களுக்கு விலக்கு. அங்கே சந்தித்தவர்களுக்கு விசா நேர்காணலில் விவரம் கிடைக்கும்தான். ஆனால் அதற்குள் அந்தப் பெண் வேலையை விட்டிருப்பாள், ஊரெல்லாம் சொல்லியிருப்பாள். அப்போது தெரிந்து என்ன பயன்?

என் கருத்து இதுதான். விசாவுக்கு மனுப் போடும் அன்றே அந்த விவரம் அவள் கைக்குப் போக வேண்டும், எந்தத் தளத்தில் சந்தித்திருந்தாலும் சரி. கடிதக் கணக்கில் காசு வாங்குவதையும் நிறுத்த வேண்டும். காதலுக்குக் கண் இல்லாமல் இருக்கலாம். கான்ட்ராக்டுக்குக் கட்டாயம் வேண்டும்!

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?