மாத்திரை பக்தியும் மருந்துப் பரீட்சையும்

குற்றாலத்துப் பேரருவியில் தலையைக் கொடுத்தால் தீராத பிணியும் தீரும் என்றும், மலையிலுள்ள மூலிகைகளெல்லாம் கரைந்து அந்தத் தண்ணீரில் வருகின்றன என்றும் சொல்லாதவர்கள் இந்தப் பக்கத்தில் அபூர்வம். என்ன பிணி, எத்தனை பேருக்குத் தீர்ந்தது, தீராமல் ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று நாம் கேட்டால், அது நாஸ்திகன் கேள்வி என்கிறார்கள். சாரல் காலத்தில் அருவியில் குளிப்பது சுகமாகத்தான் இருக்கிறது, நாமும் குளிக்கிறோம். ஆனால் சுகம் வேறு, சிகிச்சை வேறு. இது நிற்க.

இன்று அதே கேள்வியை அருவியைப் பார்த்தல்ல, மருந்துக் கடையைப் பார்த்துக் கேட்க விரும்புகிறோம். ஏனெனில் திருநீற்றையும் கயிற்றையும் விட்டொழித்ததாகச் சொல்லிக்கொள்ளும் நம் தோழர்களே இப்போது ஆன்டிபயாடிக் என்னும் புதுப் பிரசாதத்துக்குக் கை நீட்டி நிற்கிறார்கள். அருவியில் நனைந்து ஜலதோஷம் பிடித்தவன் தென்காசிக் கடைவீதிக்கு வந்து, “அண்ணாச்சி, ரெண்டு ஆன்டிபயாடிக் கொடுங்க” என்கிறான். வைத்தியர் சீட்டு இருக்கிறதா என்று கேட்காமல் கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. ஜலதோஷம் வைரசால் வருவது. ஆன்டிபயாடிக் கொல்லுவதோ பாக்டீரியாவை. நாலு நாளில் தானாக நிற்கும் சளியை மாத்திரை நிறுத்தியது என்று இவன் நம்புவதற்கும், இவன் பாட்டன் மந்திரித்த கயிற்றை நம்பியதற்கும் என்ன பேதம்? கயிறாவது கட்டியவனோடு போயிற்று. இந்த மாத்திரையோ வயிற்றிலுள்ள எளிய பாக்டீரியாக்களைக் கொன்று, மருந்துக்குச் சாகாதவற்றைப் பெருக விடுகிறது. அவையோ சாகாத வித்தையைப் பிளாஸ்மிட் என்னும் சிறு மரபுத் துண்டில் வைத்துப் பக்கத்துக் கிருமிக்கும் தானம் செய்கின்றன. இதில் ஜாதிக் கட்டுப்பாடே இல்லை. ஒரு ஜாதிக் கிருமி வேறு ஜாதிக் கிருமிக்குக் கொடுக்கிறது, அதுவும் வாங்கிக்கொள்கிறது. அந்த மட்டில் அவை நம்மைவிட முன்னேறியவை.

இப்படிச் சாகாத கிருமிகள் போய்க் குடியேறும் இடம் ஆஸ்பத்திரி. அங்கே சிறுநீர்க் குழாயும் மூச்சுக் குழாயும் பொருத்திப் படுத்திருக்கும் நோயாளிதான் அவற்றுக்கு அகப்படுகிறான். 2010-ல் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரும் வெளிநாட்டாரும் சேர்ந்து, கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையே உடைத்தெறியும் என்.டி.எம்-1 என்னும் நொதியுள்ள கிருமிகளைப் பற்றி வெளியிட்டார்கள். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று கணக்குக் காட்டினார்கள். உடனே நம் தேசபக்தர்களுக்கு வந்த கோபம் கிருமியின் மேல் அல்ல. அதற்கு டில்லியின் பெயரை வைத்துவிட்டார்களே என்பதன் மேல்! வெளிநாட்டு நோயாளிகளின் வரும்படியைக் கெடுக்கச் செய்த சதி என்றார்கள். பெயர் மாற்றினால் கிருமி செத்துவிடுமா? 2012-ல் சென்னையில் வைத்தியர்கள் கூடிச் செய்த “சென்னைப் பிரகடனம்” ஒன்றுதான் அந்தச் சந்தடிக்கு நடுவே பிறந்த புத்தியுள்ள காரியம்.

சரி, புது மருந்து வந்தால் அதை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்து 1948-ல் முடிவை வெளியிட்ட முறையைப் பாருங்கள். 107 நோயாளிகளை யார் இஷ்டத்துக்கும் விடாமல் சீட்டுப் போல் பிரித்தார்கள். கிளி ஜோசியன் சீட்டல்ல. வைத்தியனுடைய ஆசை நுழையாமலிருக்கப் போட்ட சீட்டு. ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். மருந்து பெற்ற பலரிடம் கிருமி அம்மருந்துக்கு மசியாமற் போனதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். எந்த ஸ்தல புராணமாவது தன் சுவாமி கைவிட்டவர்களின் கணக்கை எழுதியதுண்டா?

சென்னையில் ஆர்க்கிட் கம்பெனி கண்டுபிடித்த என்மெட்டசோபாக்டம் என்பதைச் செஃபிபீம் மருந்தோடு கூட்டி இப்படியே சோதித்தார்கள். கடுமையான சிறுநீர்த் தொற்று கண்ட 1041 பேர்; எது யாருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. மருந்துக்கு மசியக்கூடிய கிருமி இருந்தவர்களைக் கணக்கெடுத்ததில், உபாதை நீங்கிக் கிருமியும் ஒழிந்தவர்கள் புது மருந்தில் நூற்றுக்கு 79, பழைய மருந்தில் 59. முடிவு 2022-ல் வெளியாயிற்று. 2024-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது. நம் ஊர்க்காரர் கண்டது என்பதற்காக நாம் பஜனை பாடப் போவதில்லை. மேலே சொன்ன என்.டி.எம்-1 நொதியை இம்மருந்து தடுக்காது. இதையும் கண்டபடி ஊசியில் ஏற்ற ஆரம்பித்தால் இதன் ஆயுசும் சொற்பந்தான்.

கிருமி எது, எந்த மருந்துக்குச் சாகும் என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் ஆகுமே, அதுவரை நோயாளி சாவதா என்று சிலர் ஆட்சேபிக்கிறார்கள். யார் சாகச் சொன்னது? முதலில் ரத்தமோ சிறுநீரோ எடுத்து அனுப்பிவிட்டு, உடனே மருந்தையும் தொடங்கட்டும். முடிவு வந்ததும் மாற்றட்டும். கிருமி வளர்த்த தட்டில் மருந்து வில்லைகளை வைத்தால், எது கொல்லுகிறதோ அதைச் சுற்றி வட்டமாக வெளிச்சம் விழுகிறது. இதைவிடப் பிரத்தியட்சம் வேண்டுமா?

சட்டமும் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணையிலுள்ள மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. வாங்கியவர் பெயரையும் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். செங்கோட்டைக்கு அப்பால் மலையாள நாட்டில் 2024-ல் சர்க்கார் கடை கடையாகச் சோதனை போட்டது. மலைக்கு இப்பால் அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று கேட்கத் தென்காசித் தோழர்கள் எத்தனை பேர் தயார்?