பட்டம், சொத்து, வழக்கு மட்டும் போதுமா? நாச்சாரத்தில் இருந்து பார்த்தால் தெரியும் மாமன்ற வேட்பாளரின் தகுதி

ஹைதராபாத்: 2021 பிப்ரவரி 11-ஆம் தேதி பதவியேற்ற ஹைதராபாத் பெருநகர மாநகராட்சி மாமன்றத்தின் ஐந்தாண்டு பதவிக்காலம் முடிந்துவிட்டது. 2025 டிசம்பரில் சுற்றியுள்ள 27 நகராட்சி அமைப்புகள் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு, வார்டுகளின் எண்ணிக்கை 150-ல் இருந்து 300-ஆக மறுவரையறை செய்யப்பட்டது. எல்லைகள் மாறினாலும், வேட்பாளரை எதைக் கொண்டு எடைபோடுவது என்ற கேள்வி வாக்காளருக்கு மாறவில்லை.

தமிழில் நாம் மாமன்ற உறுப்பினர் என்றோ கவுன்சிலர் என்றோ சொல்பவரை, இங்கு தெலுங்கு பேசுவோரும் உருது பேசுவோரும் 'கார்ப்பொரேட்டர்' என்றே அழைக்கின்றனர். அந்தப் பதவிக்குப் போட்டியிட 21 வயது நிறைந்திருக்க வேண்டும். கல்வித் தகுதி எதுவும் கட்டாயமில்லை. 2020 தேர்தலில் வைப்புத்தொகை பொதுப் பிரிவினருக்கு 5,000 ரூபாய், செலவு வரம்பு 5 லட்சம் ரூபாய். இரண்டுக்கு மேற்பட்ட குழந்தைகள் உள்ளோர் போட்டியிட முடியாது என்ற விதியும் அப்போது நடைமுறையில் இருந்தது.

கல்வித் தகுதியைக் கட்டாயமாக்கிய மாநிலங்களும் உண்டு. ஹரியானா 2015-ல் ஊராட்சித் தேர்தலுக்குக் கொண்டுவந்த விதியை அதே ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏற்றது. நகராட்சிகளுக்கும் சேர்த்து இத்தகைய விதி வகுத்த ராஜஸ்தான், 2019-ல் அதைத் திரும்பப் பெற்றது. படிக்காதவருக்கு வாக்களிக்கும் உரிமையைத் தந்துவிட்டு, போட்டியிடும் உரிமையை மறுப்பது எப்படி நியாயம் என்ற வாதத்திற்கு ஹரியானா தீர்ப்பு நிறைவான விடை தரவில்லை என்றே தோன்றுகிறது.

பிரமாணப் பத்திரம் சொல்வது என்ன?: குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை வேட்பாளர் அறிவிக்க வேண்டும் என்ற நடைமுறைக்கு வித்திட்டவை 2002, 2003-ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். அதன் பயனை மறுக்க முடியாது. 2020-ல் களத்தில் நின்ற 1,122 பேரில், முக்கிய நான்கு கட்சிகளைச் சேர்ந்த 49 பேர் மீது குற்ற வழக்குகள் இருப்பதை, நல்லாட்சிக்கான மன்றம் என்ற அமைப்பு இந்த ஆவணங்களைக் கொண்டே வெளிக்கொணர்ந்தது.

ஆனால் ஆவணத்தில் இடம்பெறாதவை பல. மேயராக இருந்த கத்வால் விஜயலட்சுமி, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவிட்டு 2007-ல் நாடு திரும்பியவர். மூத்த அரசியல்வாதி கே.கேசவ ராவின் மகள். பஞ்சாரா ஹில்ஸில் 2016, 2020 என இருமுறை வென்றவர். டிஆர்எஸ் சார்பில் மேயரான அவர் 2024 மார்ச்சில் காங்கிரசில் இணைந்தார். கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கே பொருந்தும். மாமன்ற உறுப்பினர்களுக்கு அல்ல. வேட்பாளரின் கட்சிச் சின்னத்தைப் பார்த்து வாக்களிப்பவர் இதையும் அறிந்திருப்பது நல்லது.

சென்னையில் 2022 மார்ச்சில் மேயரான பிரியா ராஜன் எம்.காம் பட்டதாரி, அப்போது வயது 28. திருவனந்தபுரத்தில் 2020 டிசம்பரில் ஆர்யா ராஜேந்திரன் மேயரானபோது அவருக்கு வயது 21, கல்லூரி மாணவி. மூவரின் பின்னணியும் வெவ்வேறு. பட்டத்தையோ வயதையோ மட்டும் வைத்து இவர்களின் நிர்வாகத்தை யாரும் முன்கூட்டியே கணித்திருக்க முடியாது.

நாச்சாரத்தின் கணக்கு: மேட்சல்-மல்காஜ்கிரி மாவட்டத்தில், உப்பல் சட்டமன்றத் தொகுதிக்குள் அமைந்த நாச்சாரம், பழைய வரிசையில் 6-ஆவது வார்டு. 2020 தேர்தலில் இங்கு வென்றவர் டிஆர்எஸ் கட்சியின் சாந்தி சாய்ஜென் சேகர். 2020-ல் அருகிலுள்ள உப்பலிலும் ஏ.எஸ்.ராவ் நகரிலும் காங்கிரஸ் வென்றது. மாநகரம் முழுவதிலும் அக்கட்சிக்குக் கிடைத்தவை அந்த இரண்டு வார்டுகள் மட்டுமே.

இப்பகுதியின் தேவைகளைப் பார்த்தால்தான் 'மக்கள் சேவை' என்ற சொல்லுக்கு எல்லை தெரியும். தொழிற்பேட்டை, இஎஸ்ஐ மருத்துவமனை, எச்எம்டி நகரை ஒட்டிய பெரிய ஏரி ஆகியவை இங்குள்ளன. குப்பை அகற்றுதல், தெருவிளக்கு, உட்சாலைகள், மழைநீர் ஓடும் நாலாக்கள் ஆகியவை மாநகராட்சியின் பணி. குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் பெருநகர குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. தொழிற்சாலைக் கழிவைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மருத்துவமனை மாநகராட்சியின் கீழ் இல்லை. ஏரி விவகாரத்திலோ மாநகராட்சி, நீர்ப்பாசனத் துறை, பெருநகர வளர்ச்சி ஆணையம் எனப் பல கைகள்.

எனவே ஏரியில் கழிவுநீர் கலப்பதை நிறுத்துவேன் என ஒரு வேட்பாளர் வாக்குறுதி அளித்தால், அவர் வெல்லக்கூடிய பதவிக்கு அந்த அதிகாரம் தனியாக இல்லை என்பதே உண்மை. எந்தத் துறையிடம், எந்தக் கோரிக்கையை, எவ்வாறு கொண்டு செல்வார் என்று கேட்டால், வேலை தெரிந்தவர் யார் என்பது ஓரளவு புலப்படும். ஏற்கனவே பதவியில் இருந்தவர் என்றால், மாமன்றக் கூட்டங்களில் எத்தனை முறை பங்கேற்றார், வார்டு குறித்து என்ன கேள்வி எழுப்பினார் என்பதைக் கேட்கலாம். அவற்றைப் பிரமாணப் பத்திரத்தின் எந்தப் பத்தியும் கேட்பதில்லை.

2020 அக்டோபரில் பெய்த பெருமழையில் உப்பல், ராமந்தாபூர் உள்ளிட்ட பகுதிகள் வெள்ளத்தில் தவித்தன. குடும்பத்திற்கு 10,000 ரூபாய் நிவாரணம் வழங்கப்பட்டு வந்த நிலையில், தேர்தல் அறிவிப்பைத் தொடர்ந்து நவம்பர் 18-ஆம் தேதி மாநிலத் தேர்தல் ஆணையம் அதை நிறுத்தியது. பின்னர் பிரசாரத்தின் பெரும்பகுதி நிவாரணத் தொகை யாருக்குக் கிடைத்தது என்பதைச் சுற்றியும், தேசியத் தலைவர்களின் வருகையைச் சுற்றியுமே நடந்தது. நாலாக்களைத் தூர்வாருவது பற்றிய பேச்சு அதில் அமுங்கிப்போனது.

வார்டு குழுக்கள்: 2020 அக்டோபரில் திருத்தப்பட்ட மாநகராட்சிச் சட்டம், ஒவ்வொரு வார்டிலும் இளைஞர், பெண்கள், மூத்த குடிமக்கள், பிரமுகர்கள் என நான்கு குழுக்களை, தலா 25 உறுப்பினர்களுடன் அமைக்க வகை செய்தது. மாமன்ற உறுப்பினர் அந்த 100 பேரை எப்படி அணுகுகிறார் என்பதே அவரது பணி முறைக்கு நேரடிச் சான்று. கட்சிக்காரர்களைக் கொண்டு நிரப்பினால் அது மற்றுமொரு கட்சிக் கூட்டம்; புகார் கொடுப்பவர்களையும் சேர்த்தால் கதை வேறு. பெண்களுக்கு 50 சதவீத வார்டுகள் ஒதுக்கப்பட்ட நகரில், உறுப்பினர் தாமே அலுவலகத்தில் அமர்ந்து மனு வாங்குகிறாரா அல்லது குடும்பத்து ஆண் ஒருவர் வாங்குகிறாரா என்பதும் வாக்காளர் நேரில் சென்று பார்க்கக்கூடிய ஒன்று.

கடந்த தேர்தலில் வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் 2020 நவம்பர் 22. வாக்குப்பதிவு டிசம்பர் 1. இறுதிப் பட்டியல் வெளியானதற்கும் வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவதற்கும் இடையே வாக்காளருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ ஒன்பது நாட்கள். அந்தத் தேர்தலில் பதிவான வாக்குகள் 46.55 சதவீதம்.