கோட்டைக்குள் உலவும் ஒல்லாந்துப் பெண்

யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்துத் திரும்பும் புலம்பெயர் நண்பர்களிற் சிலர், அங்கே உண்மையில் பேய் உண்டா என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்கள் கேட்பது ஒல்லாந்த ஆளுநரின் மகளைப் பற்றி. காதலனை மணக்க அனுமதி கிடையாமையால் கிணற்றில் வீழ்ந்து மாண்ட அவள், சிவப்பு ஆடையுடன் ஆளுநர் மாளிகையில் உலவுகிறாளாம். மைக்கல் ஒண்டாச்சியும் 1982இல் வெளியான தமது குடும்ப நினைவு நூலில் இக்கதையைச் சொல்லியிருக்கிறார்.

கதையில் எனக்குப் பகையில்லை. ஆனால், அந்த மதில்களுக்குள் மாண்டவள் அவள் ஒருத்திதானா?

1658இல் ஒல்லாந்தர் மூன்று மாதங்களுக்கு மேலாக முற்றுகையிட்டபோது, உள்ளே போர்த்துக்கேயரும் அவர்களிடம் அடைக்கலம் புகுந்தோரும் பசியாலும் நோயாலும் மடிந்தனர். வென்றவர்கள் பழைய சதுரக் கோட்டைக்குப் பதிலாக ஐங்கோணக் கோட்டையை எழுப்பினர். அத்தனை முருகைக்கல்லையும் சுமந்தவர்கள் யார்? 1795இல் பிரித்தானியரிடம் போரின்றியே கைமாறிய அக்கோட்டையில் பின்னர் சிறைச்சாலையும் தூக்குமேடையும் இருந்தன. தூக்கிலிடப்பட்டவர்கள் எவரும் பேயாக அலைவதாக நான் கேள்விப்பட்டதில்லை.

1990ஐ நாம் இன்னும் மறந்திருக்க முடியாது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை புலிகளின் முற்றுகைக்குள் சிப்பாய்களும் பொலிஸாரும் கோட்டைக்குள் அகப்பட்டிருந்தனர். வெளியே, ஷெல்லடியிலும் விமானக் குண்டுவீச்சிலும் நகரின் நடுப்பகுதி தரைமட்டமாகியது. 1706இல் கட்டப்பட்ட ஒல்லாந்த தேவாலயமும் அந்தப் போரில் சிதைந்து கற்குவியலாயிற்று. போருக்குப் பின்னர் நெதர்லாந்தின் உதவியுடன் மதில்கள் திருத்தப்பட்டன. மாலைக்காற்று வாங்க இப்போது குடும்பங்கள் வருகின்றன. நல்லதுதான்.

முந்நூறு வருடத்துப் பேய் மிகவும் வசதியான பேய். அதற்கு நட்டஈடு கொடுக்கவேண்டியதில்லை. விசாரணைக் குழுவும் வேண்டாம். படத்தை வைத்துக்கொண்டு வாசலில் நிற்க அதற்கொரு தாயும் இல்லை. 1990இல் மாண்டவர்களுக்கோ உறவுகள் இன்றும் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் தெற்கின் கிராமங்களிலும்.

கோட்டையினுள் ஒரு சுவரில், முற்றுகைக்குள் இறந்தவர்களின் பெயர்களும் மதிலுக்கு வெளியே கொல்லப்பட்ட நகரவாசிகளின் பெயர்களும் தமிழிலும் சிங்களத்திலும் ஒன்றாக எழுதப்படவேண்டும் என்பேன். இரு தரப்பிலும் பலருக்கு இது பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும்.